‘கணக்கு வராது’ என்று சொல்வதற்கு முன்: குழந்தையைப் பாராட்டவும் திருத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்தாம் வகுப்பில் என் மகள் ஒரு கணக்குத் தேர்வுத்தாளைக் கையெழுத்துக்கு நீட்டினாள். 25க்கு 17. பேனாவை எடுத்த பிறகுதான் கவனித்தேன், 7இன் மேல்கோடு மட்டும் வேறு சிவப்பாக இருந்தது. ஆசிரியர் போட்டிருந்தது 11. இரண்டாவது 1க்கு ஒரு தொப்பி வைத்து அதை 7 ஆக்கியிருந்தாள்.

மதிப்பெண்ணுக்காக எங்கள் வீட்டில் யாரும் அடித்ததில்லை, பெரிதாகத் திட்டியதும் இல்லை. நாங்கள் செய்ததெல்லாம் அவளைப் புகழ்ந்ததுதான். ‘எங்க பாப்பா ரொம்ப புத்திசாலி’ என்று அவள் காதுபடவே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பயமுறுத்தாத வீட்டில் ஒரு குழந்தை மதிப்பெண்ணை ஏன் திருத்த வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததும், வீட்டில் செய்து பார்த்ததும்தான் இந்த வழிகாட்டி. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் உள்ள வீடுகளை நினைத்து எழுதுகிறேன். உதாரணங்கள் கணக்கிலிருந்தே வரும். எனக்குத் தெரிந்தவரை, நாம் பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு முத்திரை குத்துவது அந்தப் பாடத்தில்தான்.

படி 1: ஒரு வாரம் வெறுமனே கேளுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஒரு வாரம், வீட்டில் படிப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் சொன்னது, பாட்டி சொன்னது, டியூஷன் டீச்சர் சொன்னது, குழந்தை தன்னைப் பற்றித் தானே சொன்னது, எல்லாமே.

என் தாளில் அதிகம் இருந்தது ஒரே வினைச்சொல். ‘அவனுக்குக் கணக்கு நல்லா வரும்.’ ‘இவளுக்கு இந்தி வராது.’ ‘எனக்குச் சின்ன வயசுலயே இங்கிலீஷ் வராது.’ நம் பேச்சில் பாடம் என்பது தானாக வரும், இல்லையென்றால் வராது. பாட்டு, கோலம், சமையல் எல்லாவற்றையும் இப்படித்தான் சொல்கிறோம். இந்த வாக்கியங்களில் கற்றுக்கொள்பவர் எழுவாய் ஆவதே இல்லை. வருவதும் வராமல் போவதும் கணக்கின் விருப்பம். குழந்தை வாசலில் நின்று காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவதாக நிறைய இருந்தவை முத்திரைகள். புத்திசாலி, மூளைக்காரன், சமத்து, கெட்டிக்காரி ஒரு பக்கம். மக்கு, மரமண்டை, சோம்பேறி மறுபக்கம். புகழ்ச்சியும் திட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் குழந்தை செய்த காரியத்தை விட்டுவிட்டு, குழந்தை எப்படிப்பட்டது என்று தீர்ப்பு எழுதுகின்றன.

கூடவே ஒரு நம்பிக்கையும் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது: விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது. அறிவை அளக்கும் சோதனையை 1905இல் முதன்முதலாக உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஆல்ஃபிரெட் பினேவே இப்படி நினைக்கவில்லை. பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அவர் அதைச் செய்தார். அறிவு என்பது மாறாத ஓர் அளவு, அதைக் கூட்டவே முடியாது என்ற பேச்சைக் கொடூரமான அவநம்பிக்கை என்று 1909இல் கண்டித்து எழுதினார்.

படி 2: ‘புத்திசாலி’ என்ற சொல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். காரணம் புரியாமல் பேச்சை மட்டும் மாற்றினால் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும்.

1998இல் கிளாடியா ம்யூலர், கேரல் டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த ஆறு சோதனைகளை வெளியிட்டார்கள். கட்டங்களில் வடிவங்கள் வரிசையாக இருக்கும், விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் சுற்றுப் புதிர்கள் ஓரளவு எளிது. முடித்ததும் எல்லாக் குழந்தைகளையும் நன்றாகச் செய்தாய் என்று பாராட்டினார்கள். அதோடு ஒரு குழுவுக்கு மட்டும் இன்னொரு வாக்கியம்: இதில் நீ புத்திசாலிதான் போல. இன்னொரு குழுவுக்கு வேறு வாக்கியம்: நீ நன்றாக உழைத்திருக்கிறாய் போல. மூன்றாவது குழுவுக்குக் கூடுதலாக எதுவும் சொல்லவில்லை. குழுக்களுக்கு இடையில் இருந்த வித்தியாசம் இந்த ஒற்றை வாக்கியம்தான்.

அடுத்து எந்த மாதிரி வேலை வேண்டும் என்று கேட்டார்கள். தன் திறமையைக் காட்ட வாய்ப்புள்ள வேலை ஒரு பக்கம், தப்பு வந்தாலும் நிறையக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை மறுபக்கம். ‘புத்திசாலி’ குழுவில் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் முதலாவதை எடுத்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் இரண்டாவதை எடுத்தார்கள்.

அப்புறம் கடினமான ஒரு சுற்றைக் கொடுத்து, இதில் நீ சரியாகச் செய்யவில்லை என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு மூன்றாவது சுற்று, முதல் சுற்றின் அளவுக்கே எளிதானது. ‘புத்திசாலி’ குழுவின் மதிப்பெண் முதல் சுற்றில் எடுத்ததைவிடக் குறைந்தது, உழைப்புக் குழுவின் மதிப்பெண் கூடியது. இடையில் ஒரு தோல்வி, அதுவும் சில நிமிடத் தோல்வி. ‘புத்திசாலி’ குழந்தைகள் அந்தத் தோல்வியைத் தங்களுக்குப் புத்தி இல்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம் என்பதே மற்றவர்களின் முடிவு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது கடைசிப் பகுதி. வேறு பள்ளியில் படிக்கும் முகம் தெரியாத ஒரு குழந்தைக்கு, இந்தப் புதிர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதும்போது தன் மதிப்பெண்ணையும் குறிப்பிட வேண்டும். ‘புத்திசாலி’ குழுவில் 38 சதவீதம் பேர் பொய் மதிப்பெண் எழுதினார்கள். உழைப்புக் குழுவில் அப்படி எழுதியவர்கள் 13 சதவீதம்.

7க்கு மேலே இருந்த அந்தச் சிவப்புக் கோடு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நான் அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தது ஒரு பட்டம். 11 மதிப்பெண் அதைப் பறித்துக்கொள்ளும் என்று பயந்தாள். அந்தப் பட்டத்தைக் காப்பாற்றத்தான் திருத்தினாள்.

படி 3: பாராட்டும் முன் நோட்டைப் பாருங்கள்

பாராட்டை நிறுத்திவிடச் சொல்லவில்லை. முந்தைய தலைமுறையில் பிள்ளையை நேருக்கு நேர் புகழ மாட்டார்கள், கண் பட்டுவிடும் என்பார்கள். அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. பாராட்டு எதன்மீது விழுகிறது என்பதை மாற்றினால் போதும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். குழந்தை நோட்டை நீட்டியதும் வாயைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடம் பக்கத்தைப் பாருங்கள். அதில் குழந்தை செய்த ஒரு காரியத்தைக் கண்டுபிடியுங்கள். அதை மட்டும் சொல்லுங்கள்.

‘நாலாவது கணக்குல அடிச்சுட்டுத் திரும்பப் போட்டிருக்கே. தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?’

‘கடன் வாங்கினதை மேலே சின்னதா எழுதி வச்சிருக்கே, அதனாலதான் இந்தத் தடவை ஒண்ணுகூட விடுபடலை.’

‘இதை ரெண்டு வழியில போட்டுப் பார்த்தியா? எது சுலபமா இருந்துச்சு?’

இப்படிச் சொல்லக் குழந்தையின் வேலையை நாம் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து திரும்பாமலே ‘சூப்பர்டா’ என்று சொல்ல எதுவும் தேவையில்லை. வித்தியாசம் குழந்தைக்கு உடனே தெரியும்.

சிகாகோவில் 53 குடும்பங்களின் வீட்டுப் பேச்சைக் குழந்தைக்கு 14 மாதம் முதல் 38 மாதம் வரை பதிவு செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. எலிசபெத் கண்டர்சன் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் செய்தது. அந்த வயதில் கிடைத்த பாராட்டுகளில் எவ்வளவு பங்கு செய்த விதத்தைப் பற்றியது என்பதைப் பார்த்தார்கள். பங்கு அதிகமாக இருந்த குழந்தைகள் ஏழெட்டு வயதில் சவாலான வேலைகளை அதிகம் விரும்பினார்கள், திறமையை வளர்த்துக்கொள்ள முடியும் என்றும் நம்பினார்கள். அதே பதிவுகளில், இந்த வகைப் பாராட்டு பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே அதிகம் கிடைத்திருந்தது. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் தங்கள் ஒரு வாரத் தாளை இந்தக் கண்ணோடு இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

இந்தப் படியில் மூன்று இடத்தில் சறுக்கும்.

முதலாவது, சுலபமான வேலையை ஓகோ என்று புகழ்வது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொன்னதற்குக் கைதட்டினால், ‘இவ்வளவுதான் என்னால் முடியும் என்று நினைக்கிறார்கள் போல’ என்று அது கணக்குப் போடும். வுல்ஃப் உவே மேயர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த எதிர்விளைவைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

இரண்டாவது, மிகைப்படுத்துவது. நெதர்லாந்தின் எடி ப்ரும்மல்மன் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கும் குழந்தைகளுக்குத்தான் பெரியவர்கள் அதிகம் மிகைப்படுத்திப் பாராட்டு தருகிறார்கள் என்று தெரிந்தது. அப்படிப் பாராட்டப்பட்ட பிறகு கடினமான வேலையைத் தொடத் தயங்கியவர்களும் அதே குழந்தைகள்தான். பிரமாதம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறையும் பிரமாதமாக இருந்தாக வேண்டுமே.

மூன்றாவதுதான் நல்ல எண்ணத்தோடு செய்பவர்களையும் சறுக்க வைப்பது: உழைப்பை மட்டும் புகழ்ந்துகொண்டே இருப்பது. ஒரே தப்பு வழியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த குழந்தையிடம் ‘கஷ்டப்பட்டே, அது போதும்’ என்றால் அது ஆறுதல் பரிசு. டுவெக்கே இதைப் பின்னாளில் வெளிப்படையாகக் கண்டித்தார். உழைத்தும் வரவில்லை என்றால் வழியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் உதவி கேட்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யும்போது பாராட்டுங்கள். குறிப்பாக, உதவி கேட்பதை. ‘புரியலைம்மா’ என்று குழந்தை தானாக வந்து நிற்பது சின்ன விஷயமே இல்லை.

படி 4: மதிப்பெண் குறைந்த நாளுக்குத் தயாராக இருங்கள்

குழந்தை நம் முகத்தைப் படிப்பது இந்த நாளில்தான். கைலா ஹைமோவிட்ஸும் டுவெக்கும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அறிவு வளரும் என்று பெற்றோர் மனதுக்குள் நம்புகிறார்களா இல்லையா என்பது குழந்தைகளுக்குத் தெரியவே இல்லை. தோல்வியைப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தங்கள் திறமையைப் பற்றிக் குழந்தைகள் என்ன நம்பினார்கள் என்பதும் அதோடுதான் பொருந்திப்போனது. ‘முயன்றால் முடியும்’ என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, தேர்வுத்தாளைப் பார்த்ததும் முகம் சுருங்கினால், குழந்தை படிப்பது முகத்தைத்தான்.

அன்றைக்குத் திட்டுவதைப் போலவே தவிர்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. ‘பரவாயில்லைடா, எல்லாருக்கும் கணக்கு வந்துடுமா என்ன?’ என்ற ஆறுதல். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் அனீதா ராத்தன், கேத்தரின் குட், டுவெக் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாதிரி ஆறுதல் கேட்ட மாணவர்கள் ஆசிரியர் தங்கள்மேல் நம்பிக்கையை இழந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டார்கள். கணக்கில் ஆர்வமும் குறைந்தது.

சரி, பிறகு என்ன செய்வது? தாளை மூன்று பங்காகப் பிரித்துப் பாருங்கள். தெரிந்தும் கவனக்குறைவால் போனவை, புரியாததால் போனவை, நேரம் பற்றாமல் விட்டவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போடுங்கள். அடையாளம் போடுவது குழந்தையாக இருக்கட்டும். அப்புறம் புரியாதவற்றிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். அன்றைக்கு அது போதும்.

11 மதிப்பெண் தாளில் நாங்கள் எடுத்த கணக்கு 1/2 + 1/3. அவள் எழுதியிருந்த விடை 2/5.

‘இதை எப்படிப் போட்டே, சொல்லு.’

‘மேலே இருக்கறதைக் கூட்டினா ரெண்டு, கீழே இருக்கறதைக் கூட்டினா அஞ்சு.’

தப்பு என்று சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரம், தட்டில் தோசை இருந்தது. ‘பாதி தோசை தின்னுட்டே. அப்புறம் இன்னும் கொஞ்சம் தின்னே. இப்போ மொத்தமா பாதியை விட அதிகமா தின்னிருப்பியா, கம்மியாவா?’

‘அதிகமாதான்.’

‘அஞ்சு துண்டு போட்டு ரெண்டு துண்டு தின்னா?’

கொஞ்ச நேரம் தோசையையே பார்த்தாள். ‘அது பாதி கூட இல்லையே.’ பிறகு அவளாகவே, ‘அப்போ இது தப்பு’ என்றாள். தாளின் ஓரத்தில் ஒரு செவ்வகம் போட்டு ஆறு கட்டமாகப் பிரித்தோம். பாதிக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு கட்டம். ஐந்து கட்டம் நிரம்பியது. 5/6. மீச்சிறு பொது மடங்கு என்று வகுப்பில் சொன்னது எதற்காக என்று அப்போதுதான் பிடிபட்டது. இரண்டாலும் மூன்றாலும் மீதியில்லாமல் பிரியும் கட்டங்கள் வேண்டுமே.

அன்றைக்கு நான் சொன்ன பாராட்டு இவ்வளவுதான்: ‘விடையைப் பாதியோட வச்சுப் பார்த்தே, உடனே தப்பு தெரிஞ்சுது. இனிமே பின்னக் கணக்கு போட்டதும் முதல்ல அப்படிப் பார்த்துடு.’ அடுத்த கணக்கில் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள அதில் ஒரு விஷயம் இருந்தது. புத்திசாலி என்ற சொல்லில் அப்படி எதுவும் இருந்ததில்லை.

சிவப்புக் கோட்டைப் பற்றியும் பேசினோம். பொய் சொல்லக் கூடாது என்று சுருக்கமாகச் சொன்னேன். மதிப்பெண்ணை மறைத்தால் எந்தக் கணக்கு புரியவில்லை என்பதும் சேர்ந்து மறைந்துவிடுகிறது என்பதைத்தான் அதிக நேரம் பேசினோம்.

படி 5: ‘வராது’ என்பதை ‘வரவில்லை’ ஆக்குங்கள்

‘இன்னும்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளும்படி டுவெக் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கிறார். தமிழில் அந்த வேலையில் பாதியை இலக்கணமே செய்துவிடுகிறது. ‘எனக்கு வகுத்தல் வராது’ என்பது நேற்று, இன்று, நாளை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்னது. ‘எனக்கு வகுத்தல் வரலை’ என்பது இன்றைக்கு மட்டும்தான். நாளைக்கான கதவை அது மூடுவதில்லை.

குழந்தை ‘வராது’ என்று சொல்லும்போது திருத்திப் பாடம் நடத்த வேண்டாம். அதே வாக்கியத்தை மாற்றித் திருப்பிச் சொன்னால் போதும். ‘ஓ, வகுத்தல் இன்னும் வரலையா? எந்த இடத்துல நிக்குது?’ இரண்டாவது கேள்விதான் முக்கியம். ‘எந்த இடத்துல’ என்று கேட்டதும், மொத்தக் கணக்கும் என்ற பூதம் சுருங்கி, ‘மீதியைக் கீழே இறக்கும்போது குழப்பமா இருக்கு’ என்ற அளவுக்கு வந்துவிடும். அந்த அளவு பிரச்சினையை ஒரு மாலையில் தீர்க்கலாம்.

பெரியவர்களும் இதைத் தங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். ‘எனக்கும் கணக்கு வராது, என்னை மாதிரியே பொறந்திருக்கா’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அப்பா, தன் மகளுக்கு ஒரு வாரிசுச் சொத்தை எழுதி வைக்கிறார்.

படி 6: சொந்தபந்தத்தின் வாயை என்ன செய்வது

மூட முடியாது. கல்யாண வீட்டில் ‘எத்தனாவது ரேங்க்?’ என்று பெரியப்பா கேட்பார். அத்தை மகனோடு ஒப்பிடுவார்கள். நான் செய்வது ஒன்றுதான்: பதிலை நானே சொல்லிவிடுவேன். ‘இப்போ பின்னம் படிச்சிட்டிருக்கா பெரியப்பா, தோசையை வச்சு எங்களுக்கே சொல்லிக்கொடுக்கறா.’ பேச்சு ரேங்கிலிருந்து பின்னத்துக்கு நகரும்.

ஒன்றை மட்டும் அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள், பெரியவர்கள் முன்னால் என்றாலும் பரவாயில்லை. ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கணக்கு, அதெல்லாம் பசங்களுக்குத்தான் வரும்’ என்ற பேச்சை. லின் பியன், சாரா ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் ஆகியோர் 2017இல் அமெரிக்கக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், மிக மிகப் புத்திசாலியானவர் யார் என்று கேட்டபோது ஐந்து வயதில் சிறுவர் சிறுமியர் இருவரும் தங்கள் பாலினத்தவரையே காட்டினார்கள். ஆறு வயதில் சிறுமிகள் அப்படிக் காட்டுவது குறைந்துவிட்டது. மிகப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொல்லிக் கொடுத்ததைச் சிறுமிகள் தவிர்த்தார்கள். நன்றாக முயல்பவர்களுக்கான விளையாட்டு என்றபோது ஆர்வத்தில் வித்தியாசமே இல்லை. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் இது நடந்துவிடுகிறது என்பதால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட நேரமில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இதை மந்திரம் போல விற்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2018இல் விக்டோரியா சிஸ்க் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, திறமை வளரும் என்ற நம்பிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பலவீனமாகவே இருந்தது. இங்கிலாந்தில் 101 பள்ளிகளில் இந்தக் கருத்தை வைத்து நடத்திய ஒரு பாடத்திட்டத்தால் கூடுதல் முன்னேற்றம் எதுவும் இல்லை என்று 2019இல் அறிக்கை வந்தது. அதே ஆண்டு டேவிட் யேகர் குழுவினர் அமெரிக்காவில் 65 பள்ளிகளில் 12,000க்கும் அதிகமான ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதே கருத்தைச் சொல்லும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கணினிப் பாடம் ஒன்றைச் சோதித்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி, நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்ந்தது. சிறிய உயர்வுதான். ஆனால் கடினமானதைத் தொடுவதை உடன் படிப்பவர்கள் மதித்த பள்ளிகளில் பலன் தெளிவாக இருந்தது.

என் கணிப்பு இது. நம்பிக்கையை மாற்றுவதால் பின்னம் புரிந்துவிடாது. தோசையும் கட்டமும் யாராவது காட்ட வேண்டும். நம்பிக்கையின் வேலை, புரியாததை மறைக்காமல் நம்மிடம் கொண்டுவர வைப்பது. அதற்குப் பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் இந்த வழிகாட்டியில் உள்ள எந்த வாக்கியமும் உதவாது.

சொல்லால் தீராதவை

இரண்டு மூன்று மாதம் இப்படிப் பேசியும், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும், குழந்தை அதே இடத்தில் நின்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள். முதலில் கண். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைக் குழந்தைகள் சொல்ல மாட்டார்கள், எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்து காது. பிறகு தூக்கம். எழுத்துகள் இடம் மாறித் தெரிவது போல வாசிப்பில் தடுமாற்றம், எது பெரிய எண் என்று ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ண வேண்டியிருப்பது, இவை நீடித்தால் டிஸ்லெக்ஸியா, டிஸ்கால்குலியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அந்தக் குழந்தைகளிடம் ‘இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு’ என்று சொல்வது கொடுமை, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே மற்றவர்களைவிட அதிகமாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். குழந்தை மருத்துவரிடம் போகும்போது தேர்வுத்தாள்களோடு ரஃப் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் சிக்குகிறது என்பது அடித்துத் திருத்திய அந்தப் பக்கங்களில்தான் தெரியும்.